நான்கைத் தாண்டாத உடல்

ஜப்பானின் நாரா நகரில் கோஃபுகுஜி என்னும் பழைய பௌத்த ஆலயத்தில் ஓர் அசுரன் நிற்கிறான். கி.பி. 734-இல் செய்த சிலை. அரக்கில் தோய்த்த துணியை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து உருவாக்கியதால் உள்ளே வெற்றிடம். உயரம் 153 சென்டிமீட்டர், ஒரு பதின்வயதுப் பையனின் உயரம். நம் புராணங்களில் தேவர்களோடு ஓயாமல் போரிட்ட அதே அசுரன்தான் பௌத்தத்தோடு சீனம் வழியாக ஜப்பான் போய், அங்கே அறத்தின் காவலனாகிவிட்டான். மூன்று முகம், ஆறு கை. இரண்டு கைகள் நெஞ்சுக்கு முன்னால் கூப்பியிருக்க, மற்ற நான்கும் மெலிந்து நீண்டு இருபக்கமும் விரிகின்றன. புருவம் லேசாக நெரிந்த அந்த முகத்தில் கண் நின்றுவிட்டால் கைகளை எண்ணத் தோன்றாது.

ஓர் உடற்கூற்றியல் ஆசிரியருக்கு எண்ணாமல் இருக்க முடியாது. அவருடைய முதல் கேள்வி: இந்த நான்கு கைகளும் எங்கே மாட்டியிருக்கின்றன?

கை என்பது தோளில் தொடங்கும் ஒரு தண்டு அல்ல. அதன் வேர் முதுகு முழுக்கப் பரவியிருக்கிறது. பின்னால் தோள்பட்டை எலும்பு, முன்னால் காறை எலும்பு. தோள்பட்டை எலும்பு விலா எலும்புகளின் மேல் தசைகளின் பிடியில் மிதக்கிறது. கை முழுவதையும் நடுவுடலோடு எலும்பால் இணைக்கும் ஒரே மூட்டு, காறை எலும்பின் நுனி மார்பெலும்பைத் தொடும் அந்தச் சின்ன இடம்தான். கையைத் தூக்கவும் இழுக்கவும் சுழற்றவும் வேண்டிய தசைகள் கழுத்தடியிலிருந்து இடுப்புவரை வேர்விட்டிருக்கின்றன. கழுத்தின் கீழ்ப்பாதியிலும் மார்பின் தொடக்கத்திலும் தண்டுவடத்தை விட்டு வெளியேறும் ஐந்து நரம்புகள் பின்னிப் பிரிந்து ஒரு கைக்குள் இறங்குகின்றன. இரண்டாவது ஜோடிக் கை வேண்டுமென்றால் இவை அத்தனையும் இன்னொரு முறை வேண்டும். அவற்றை வைக்கும் இடத்தில் ஏற்கெனவே நுரையீரலைக் காக்கும் விலாக்கூடு இருக்கிறது.

அதனால்தானோ என்னவோ, முதுகெலும்புள்ள விலங்கு எதற்கும் நான்குக்கு மேல் கைகால்கள் இல்லை. தவளை, ஆமை, பருந்து, யானை, மனிதன் எல்லாம் நான்கு. திமிங்கிலம் பின்கால்களை இழந்தது. பாம்பு நான்கையும் இழந்தது. இழந்த கதை நிறைய உண்டு. ஐந்தாவதைப் பெற்ற இனம் இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு உலகப் புராணங்களுக்குள் நுழைந்தால் விதிமீறல்கள் குவிந்து கிடப்பதைப் பார்க்கலாம். கிரேக்கர்களின் சென்டார்: குதிரையின் நான்கு கால், மனிதனின் இரண்டு கை, மொத்தம் ஆறு. பறக்கும் குதிரை பெகாசஸ், சிங்க உடலும் கழுகுத் தலையும் கொண்ட கிரிஃபின், நான்கு காலும் இரண்டு சிறகும் கொண்ட ஐரோப்பிய டிராகன் எல்லாம் ஆறு. கைகூப்பி முழந்தாளிட்டிருக்கும் நம் கருடாழ்வாரும் ஆறுதான்; கை, கால், சிறகு மூன்றும் அவருக்கு இருக்கின்றன. சீன டிராகன் விதியை மதிக்கிறது, கால் நான்கு, சிறகு கிடையாது. நம் கோயில் தூண்களில் பாயும் யாளியும் அப்படியே. சிங்க உடலில் யானைத் துதிக்கை வந்ததே தவிர, கால்கள் நான்கைத் தாண்டவில்லை.

சிறகை ஏன் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். சிறகு என்பது கை என்பதால்தான். முதுகெலும்பிகள் மூன்று தனித்தனித் தடவை உண்மையாகப் பறக்கக் கற்றுக்கொண்டன. டைனோசார் காலத்துப் பறக்கும் ஊர்வனவான டெரோசார்கள் நான்காவது விரலை உடல் நீளத்துக்கு வளர்த்து அதில் தோலை விரித்தன. பறவைகள் விரல்களை ஒட்டவைத்து இறகுகளை நட்டன. வௌவால்கள் கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களையும் நீட்டி, இடையே சவ்வை இழுத்துக் கட்டின. மூன்றுக்கும் கொடுத்த விலை ஒன்றே: முன்னங்கை. டெரோசாரும் வௌவாலும் தரையில் சிறகை மடித்து அதன்மேலேயே நடந்தன, நடக்கின்றன. பறவையோ, பொருளைப் பிடிக்கும் வேலையை அலகுக்கும் காலுக்கும் ஒப்படைத்துவிட்டது. உயிரியலில் புதிய உறுப்பு என்று ஒன்று பெரும்பாலும் வருவதில்லை. இருப்பதைக் கடன்வாங்கித்தான் எல்லாமே நடக்கிறது.

கடனை வேறு இடத்திலிருந்து வாங்கிய ஓர் உயிரி நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இருக்கிறது. பறக்கும் ஓணான் நான்கு கால்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, விலா எலும்புகளைப் பக்கவாட்டில் நீட்டி, அவற்றின்மேல் தோலை விசிறிபோல் விரித்து மரம்விட்டு மரத்துக்குச் சறுக்கிச் செல்கிறது. சறுக்கத்தான் முடியும், சிறகடிக்க முடியாது. என்றாலும் நான்கு காலும் இரண்டு சிறகும் கொண்ட டிராகனுக்கு இவ்வளவு அருகே வந்த உயிரினம் இன்று வேறில்லை. யானையின் துதிக்கையும் இதே வகைக் கடன்தான். மூக்கும் மேலுதடும் சேர்ந்து வளர்ந்து, எலும்பே இல்லாமல், ஒரு கையின் வேலையைச் செய்கின்றன.

சரி, ஏன் நான்கு? நான்கில் ஏதாவது சிறப்பு இருக்கிறதா?

எனக்குத் தெரிந்தவரை இல்லை. பூச்சிகள் ஆறு காலோடும் சிலந்திகள் எட்டுக் காலோடும் நம்மைவிட எண்ணிக்கையில் பல மடங்காகப் பெருகி வாழ்கின்றன. நான்கு என்பது நமக்கு வந்த வழிச்சொத்து. 2004-இல் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் நீல் ஷூபினும் அவர் குழுவினரும் தோண்டியெடுத்த டிக்டாலிக் என்னும் மீனுக்கு வயது சுமார் 37.5 கோடி ஆண்டுகள். அதன் நெஞ்சுத் துடுப்புக்குள் நம் மேற்கை எலும்பும் முன்கை எலும்புகளும் அடையாளம் தெரியும் வடிவில் இருக்கின்றன. நெஞ்சில் ஒரு ஜோடி, இடுப்பில் ஒரு ஜோடி என்ற ஏற்பாடு அதற்கும் வெகு முந்தியது. கடலில் நீந்தும்போது உடல் உருளாமலும் தலை அமிழாமலும் பிடித்துக்கொள்ள ஏற்பட்டது. கரைக்கு வந்தவர்கள் கையோடு கொண்டுவந்ததும் அந்த இரண்டு ஜோடிதான்.

இதில் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும் செய்தி விரல்களைப் பற்றியது. கிரீன்லாந்தில் கிடைத்த அகாந்தோஸ்டீகா என்ற ஆதி நான்குகாலியின் கையை ஜென்னி கிளாக்கும் மைக்கேல் கோட்ஸும் 1990-இல் ஆராய்ந்து சொன்னபோது விலங்கியலாளர்கள் திகைத்தார்கள்: ஒரு கையில் எட்டு விரல். அதன் உறவினமான இக்தியோஸ்டீகாவின் பின்காலில் ஏழு. அதுவரை ஐந்து விரல் என்பது ஆதியிலிருந்து வந்த மாறாத கணக்கு என்றே நினைத்திருந்தார்கள். விரல்களின் எண்ணிக்கை தடுமாறி, மெல்லத்தான் ஐந்தில் வந்து நின்றது. அப்போதும் கைகால்களின் எண்ணிக்கை மட்டும் நான்கிலிருந்து அசையவே இல்லை.

அதற்கும் முன்னால் அசைந்திருக்க வாய்ப்பு இருந்தது. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிளைமேஷியஸ் போன்ற முள்மீன்களின் வயிற்றோரத்தில், நெஞ்சுத் துடுப்புக்கும் இடுப்புத் துடுப்புக்கும் இடையே இன்னும் பல ஜோடி முட்கள் வரிசையாக நின்றன. 2022-இல் சீன ஆய்வாளர்கள் விவரித்த துஜியாஸ்பிஸ் என்னும் தாடையில்லா மீன் இன்னும் பழையது, ஏறத்தாழ 43.6 கோடி ஆண்டு. அதன் இரு பக்கத்திலும் தலையிலிருந்து வால்வரை ஒரே நீளத் துடுப்பு ஓடியது. அந்த நீளத் துடுப்பு வேறு விதமாகத் துண்டுபட்டிருந்தால், அந்த முட்களுக்குள் தசையும் எலும்பும் புகுந்திருந்தால், கரையேறியவர்கள் ஆறு காலோடும் எட்டுக் காலோடும் வந்திருக்கலாம். அப்படியொரு உலகில் ஆறுமுகனின் பன்னிரு கைகளைக் கற்பனை செய்யப் புலவருக்கு எத்தனை கை தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கதவு முழுவதும் சாத்தப்பட்டுவிடவில்லை என்பதை 1995-இல் லண்டனில் செரில் டிக்கிளும் மார்ட்டின் கோனும் அவர்களுடைய கூட்டாளிகளும் காட்டினார்கள். கோழிக் கருவில் சிறகு முளைக்கும் இடத்துக்கும் கால் முளைக்கும் இடத்துக்கும் நடுவே, வெறும் விலாப்பக்கத்தில், வளர்ச்சிக் காரணிப் புரதத்தில் ஊறவைத்த ஒரு நுண்மணியைப் புதைத்தார்கள். அந்த இடத்தில் ஓர் உறுப்பு மொட்டுவிட்டது. சிறகுக்கு அருகில் புதைத்தால் சிறகு. காலுக்கு அருகில் புதைத்தால் கால். ஒரு சிறிய மணி அந்த அளவுக்குப் போதுமாயிருந்தது. விலாப்பக்கத்துச் செல்களுக்குக் கை செய்யும் கலை மறக்கவில்லை, செய் என்ற சொல் அவற்றுக்கு வருவதில்லை, அவ்வளவுதான். கருவில் எந்தப் பகுதி கழுத்து, எது மார்பு, எது இடுப்பு என்று எல்லை பிரிக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் அந்தச் சொல்லை இரண்டே இரண்டு இடங்களுக்கு மட்டும் அனுமதிக்கின்றன. அந்த மரபணுக்களில் கைவைத்தால் கூடவே முதுகெலும்பின் வரிசையும் குலைந்துபோகும். 37 கோடி ஆண்டுகளாக நான்கு நான்காகவே நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்தச் சொல் தவறான இடத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் இயற்கை காட்டியிருக்கிறது. 1995-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் களப்பயணம் போன பள்ளி மாணவர்கள் ஒரு குட்டையில் கால்கள் கோணிய, குறைந்த தவளைகளைக் கண்டார்கள். தேடத் தேட, கூடுதல் கால் முளைத்தவையும் பல இடங்களில் கிடைத்தன. நச்சு ரசாயனம், புற ஊதாக் கதிர் என்று பல சந்தேகங்கள் எழுந்தன. கூடுதல் கால்களுக்கு முக்கியக் காரணமாக 1999-இல் பீட்டர் ஜான்சனின் சோதனைகள் அடையாளம் காட்டியது ரைபீரோயா என்ற ஒட்டுண்ணித் தட்டைப்புழு. அதன் இளம்பருவம் தலைப்பிரட்டையின் பின்கால் முளைக்கும் இடத்தில் துளைத்துக் குடியேறி, அங்குள்ள செல்களின் ஒழுங்கைக் கலைக்கிறது. ஒரு கால் வரவேண்டிய இடத்தில் மூன்று நான்கு வருகின்றன, ஒன்றும் சரியாக இயங்குவதில்லை. தாவ முடியாத தவளை நாரைக்கு எளிய இரை. நாரையின் குடலில்தான் புழு முதிர்ச்சியடைந்து முட்டையிடும். புழுவுக்கு இது வசதி, தவளைக்குச் சாவு.

பல கைத் தெய்வங்களை இப்படிப்பட்ட பிறவிக் கோளாறுகளைக் கொண்டு விளக்கிவிடலாம் என்ற எண்ணம் அடிக்கடி தலைகாட்டுகிறது. ஒட்டிப் பிறந்த இரட்டையரைக் கண்ட பழங்காலத்தவர் தெய்வமென்று வணங்கினார்கள், அதிலிருந்து நான்கு கை வந்தது என்பார்கள். புதைபடிவங்களைக் கொண்டும் இதே போன்ற விளக்கங்கள் உண்டு. சிசிலித் தீவில் கிடைக்கும் குள்ள யானையின் மண்டையோட்டில் நடுவே இருக்கும் பெரிய மூக்குத் துளையைக் கண்குழி என்று எண்ணியதால் ஒற்றைக்கண் அரக்கன் பிறந்தான் என்று 1914-இல் ஓதேனியோ ஏபல் எழுதினார். கோபிப் பாலைவனத்து புரோட்டோசெராடாப்ஸ் என்னும் டைனோசாரின் எலும்புகளிலிருந்து கிரிஃபின் வந்தது என்று ஏட்ரியன் மேயர் வாதிட்டார். படிக்கச் சுவையானவை. ஆனால் பழங்காலத்தவர் அந்த எலும்பைப் பார்த்தார்கள், பார்த்து இப்படி நினைத்தார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கிரிஃபின் வாதத்தை 2024-இல் மார்க் விட்டனும் ரிச்சர்ட் ஹிங்கும் விரிவாக மறுத்திருக்கிறார்கள். அந்த மறுப்பு எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது.

பல கைகள் விஷயத்தில் மறுப்பை நம் மரபே சொல்லிவிட்டது. மகாபாரதத்தில் சிசுபாலன் நான்கு கையோடும் மூன்று கண்ணோடும் பிறக்கிறான். பெற்றோர் அஞ்சி நடுங்கி, குழந்தையைக் கைவிடவே நினைக்கிறார்கள். யார் மடியில் வைக்கும்போது கூடுதல் கைகளும் கண்ணும் மறைகின்றனவோ அவரால்தான் அவனுக்கு மரணம் என்ற அசரீரி கேட்கிறது. கண்ணன் மடியில் அவை மறைகின்றன. இந்தக் கதையைச் சொன்னவர்களும் கேட்டவர்களும் நான்கு கையோடு திருமாலைத் தியானித்தவர்கள்தாம். மனிதக் குழந்தையின் நான்கு கை உடலைச் சேர்ந்த செய்தி, அது அச்சம் தருகிறது. திருமாலின் நான்கு கை வேறொரு மொழியில் எழுதப்பட்டது. இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவே இல்லை.

அந்த மொழி எப்போது தோன்றியது என்பதைக் காசுகளில் பின்தொடரலாம். கி.மு. 180 வாக்கில் பாக்திரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் அகதோகிளிஸ் வெளியிட்ட வெள்ளிக் காசுகள் ஆப்கானிஸ்தானின் ஆய் கானூமில் 1970-இல் கிடைத்தன. ஒரு பக்கம் சக்கரமும் சங்கும் ஏந்திய வாசுதேவன், மறுபக்கம் கலப்பையும் உலக்கையும் ஏந்திய பலராமன். இருவருக்கும் இரண்டே கை. திருப்பதிக்கு அருகே குடிமல்லத்தில் இருக்கும் மிகப் பழைய இலிங்கத்தில் செதுக்கிய சிவனுக்கும் இரண்டு கைதான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கனிஷ்கன் வெளியிட்ட குஷானக் காசுகளில் ஓஷோ என்ற பெயரோடு சிவனைப் போன்ற தெய்வம் நிற்கிறது. அதற்கு நான்கு கை. அதே காலத்து மதுராவின் கல் சிற்பங்களிலும் கைகள் பெருகத் தொடங்கிவிட்டன. சொல்லில் இது வெகு முந்தியது. ரிக் வேதத்தின் புருஷ சூக்தம் ஆயிரம் தலையும் ஆயிரம் கண்ணும் ஆயிரம் காலும் கொண்ட புருஷனைப் பாடியது. கல்லுக்கும் உலோகத்துக்கும் அது இறங்கிவர நூற்றாண்டுகள் ஆயின.

சொல்வதற்கும் செதுக்குவதற்கும் உள்ள தூரம் அது. கிரேக்கக் கவி ஹெசியட் கோட்டஸ், பிரியாரியஸ், கைஜஸ் என்ற மூன்று சகோதரர்களுக்கு ஆளுக்கு நூறு கையும் ஐம்பது தலையும் கொடுத்தார். டைட்டன்கள் என்னும் பழைய தெய்வங்களோடு நடந்த போரில் அவர்கள் ஒரே வீச்சில் 300 பாறைகளை எறிகிறார்கள். கைக்கு ஒன்று, கணக்குச் சரி. ஒரு வரியில் நூறு கை முளைத்துவிடும். சிற்பிக்கோ ஒவ்வொரு கைக்கும் இடம் தேட வேண்டும்.

உறுப்பைப் பெருக்கிக் காட்டும் கலைஞர்கள் வெகு காலமாக உண்டு. பிரான்ஸின் ஷோவே குகையில் 30,000 ஆண்டுகளுக்கும் முந்திய ஒரு காட்டெருமைக்கு எட்டுக் கால் வரைந்திருக்கிறது. அது ஓடும் எருமை, அடுத்தடுத்த கணங்களில் கால் இருந்த இடங்களை ஒரே படத்தில் வைத்திருக்கிறார்கள் என்கிறார் ஆய்வாளர் மார்க் அசேமா. எரியும் பந்தத்தின் ஆடும் வெளிச்சத்தில் அந்தக் கால்கள் அசைவது போலவே தெரிந்திருக்க வேண்டும். அசீரிய மன்னர் சர்கோனின் அரண்மனை வாசலில் நின்ற மனிதத்தலைக் காளைகளுக்கு ஐந்து கால். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு கால் ஊன்றி நிற்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் நான்கு காலால் நடக்கும். இரண்டு பார்வைக்கும் பொருந்த ஒரு காலைக் கூட்டினார்கள். ஸ்வீடனின் காட்லாண்ட் தீவில் எட்டாம் நூற்றாண்டு வாக்கில் பொறித்த ஒரு நடுகல்லில் எட்டுக் கால் குதிரை ஒன்று வருகிறது. வடஐரோப்பியப் புராணத்தின் தலைமைத் தெய்வமான ஓடின் ஏறிவரும் ஸ்லைப்னிர் என்னும் குதிரை அதுவே என்று கருதுகிறார்கள்.

இவற்றிலெல்லாம் கால் பெருகுகிறது. கால் பெருகினால் வேகம், ஒன்றன்பின் ஒன்றாக வரும் கணங்கள். கை பெருகும்போது பொருள் மாறிவிடுகிறது. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் முருகனின் பன்னிரு கைகளும் என்னென்ன செய்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கிறார். ஒரு கை அங்குசம் செலுத்துகிறது, இரண்டு கைகள் கேடயத்தையும் வேலையும் சுழற்றுகின்றன, ஒன்று மார்பில் படிந்திருக்கிறது, ஒன்று மணியை ஒலிக்கச் செய்கிறது, ஒன்று மழையைப் பொழிவிக்கிறது, ஒன்று வானமகளிருக்கு மணமாலை சூட்டுகிறது. போரும் மழையும் மணமும் ஒரே கணத்தில். இங்கே கை என்பது வினைச்சொல். ஒரு பெயருக்குப் பன்னிரண்டு வினைகள், ஒன்றை ஒன்று காத்திருக்க வைக்காமல்.

சோழர் செப்புத் திருமேனிகளில் இதே இலக்கணம் உலோகமாகிறது. ஆடவல்லானின் ஒரு கையில் உடுக்கை, ஒரு கையில் தீ, ஒன்று அஞ்சேல் என்கிறது, ஒன்று தூக்கிய பாதத்தைச் சுட்டுகிறது. ஆக்கலும் அழித்தலும் ஒரே நொடி. நம் உடற்கூற்றியல் ஆசிரியரின் கேள்விக்கும் சிற்பி இங்கே பதில் வைத்திருக்கிறார். பின்கைகளுக்காக அவர் இரண்டாவது தோள்பட்டையைச் சேர்க்கவில்லை, மார்பை அகலமாக்கவும் இல்லை. மேற்கையின் பின்புறத்திலிருந்து இன்னொரு கை நழுவிப் பிரிகிறது. முன்னிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஒரே தோள், ஒரே இயல்பான உடல். மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினிக்கு எட்டுக் கை. சிங்கத்தின்மேல் அமர்ந்து வில்லை இழுக்கும் அந்தப் பெண்ணின் உடல் வளைவில் ஒரு சிறு தடுமாற்றமும் இல்லை. எலும்பியல்படி நடக்க முடியாத ஒன்றைக் கண் ஏற்றுக்கொள்ளும்படி செய்த இந்தத் தீர்வை, உலகக் கலையின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

கிழக்கே போகப் போக எண்ணிக்கை ஏறியது. கியோட்டோவின் சஞ்சூசங்கென்தோ மண்டபத்தில் கருணையின் போதிசத்துவரான ஆயிரங்கை கன்னோனின் சிலைகள் 1001 வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 42 கை. முதன்மையான இரண்டைக் கழித்தால் 40. ஒவ்வொரு கையும் 25 உலகங்களைக் காக்கிறது என்பதால் ஆயிரம். நாராவின் தோஷோதாய்ஜி ஆலயத்தில் உண்மையிலேயே ஆயிரம் கை செய்து மாட்டினார்கள். இன்று 953 எஞ்சியிருக்கின்றன. சீனத்தின் தாசுவில் பாறையில் செதுக்கிய ஆயிரங்கை குவான்யினை (கன்னோனின் சீனப் பெயர்) பழுதுபார்த்து 2015-இல் முடித்தவர்கள் ஒவ்வொரு கையாக ஆய்ந்து எண்ணியபோது 830 இருந்தது. இந்தக் கைகள் பலவற்றின் உள்ளங்கையில் ஒரு கண்ணும் உண்டு. துன்பத்தைப் பார்ப்பதும் தூக்கிவிடுவதும் ஒரே உறுப்பு செய்யட்டும் என்ற இந்தக் கற்பனையின் கருணைக்கு முன்னால் எண்ணிக்கையின் துல்லியம் பெரிதாகத் தெரியவில்லை.

உண்மையாகவே ஒரு மூளையால் இத்தனை கைகளை ஆள முடியுமா? இரண்டையே ஆளத் திணறுகிறோம். வலக்கையால் வட்டமும் இடக்கையால் சதுரமும் ஒரே நேரத்தில் வரைய முயன்றால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். 1996-இல் எலிசபெத் ஃபிரான்ஸும் மைக்கேல் கசானிகாவும் மற்றவர்களும், வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் துண்டிக்கப்பட்டவர்களிடம் இதே போன்ற சோதனையைச் செய்தார்கள். அவர்களுடைய இரு கைகளும் வெவ்வேறு வடிவங்களைத் தடங்கலின்றி வரைந்தன. தசையிலோ நரம்பிலோ குறை இல்லை; திட்டமிடும் மேசை ஒன்றாக இருப்பதே இடையூறு. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் நூறு செயல்களை ஒருசேர நிகழ்த்திக் காட்டி அவையை வியக்கவைத்தார். அங்கும் அடிப்படை, கவனத்தை மின்னல் வேகத்தில் மாற்றும் பயிற்சியும் எதையும் நழுவவிடாத நினைவாற்றலும்.

எட்டுக் கைகளை உண்மையாகவே ஆள்கிற உயிரி கடலில் இருக்கிறது. நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்று சொல்லும் ஆக்டோபஸுக்குச் சுமார் 50 கோடி நரம்பணுக்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, கைகளில் இருக்கின்றன. எதைப் பிடிப்பது என்று மூளை சொன்னால் போதும், எப்படி வளைந்து பிடிப்பது என்பதைக் கையே முடிவுசெய்கிறது. பல கைகளை ஆள அது கண்ட வழி, அதிகாரத்தைப் பிரித்துக் கொடுப்பது. பசிபிக்கின் கிரிபாட்டித் தீவு மக்கள், கடலடியிலிருந்து நிலத்தைத் தூக்கிக் கரையேற்ற உதவியவன் நா கிகா என்னும் ஆக்டோபஸ் தெய்வம் என்று சொல்லிவந்தார்கள். நார்வே மாலுமிகள் அஞ்சிய கிராகன் என்னும் கடல் அரக்கனின் மூலமாகக் கருதப்படும் ராட்சதக் கணவாயும் இதற்கு உறவுதான். கரையொதுங்கிய அலகையும் பழைய குறிப்புகளையும் வைத்து 1857-இல் யபேடஸ் ஸ்டீன்ஸ்ட்ரப் அதற்கு ஆர்கிடியூதிஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார். ஆழ்கடலில் உயிரோடு அதை முதலில் படமெடுத்தது 2004-இல், ஜப்பானியரான சுனெமி குபோதெராவும் கியோய்ச்சி மோரியும். புராணத்திலிருந்து எழுந்துவந்து உண்மையென்று நிலைபெற்ற பல கை உயிரி எனக்குத் தெரிந்தவரை இது ஒன்றுதான்.

மனிதனுக்குக் கூடுதல் கை பொருத்தும் முயற்சியும் நடக்கிறது. வடிவமைப்பாளர் டானி கிளோட் உருவாக்கிய மூன்றாம் கட்டைவிரல் என்ற சாதனத்தைச் சுண்டுவிரல் பக்கம் மாட்டிக்கொள்ளலாம். லண்டனில் ஒரு கோடைக்காலக் கண்காட்சியில் 3 வயது முதல் 96 வயதுவரை ஏறத்தாழ 600 பேரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 98 சதவீதத்தினர் முதல் நிமிடத்துக்குள்ளேயே அதைக் கொண்டு பொருள்களைக் கையாண்டுவிட்டார்கள். இத்தனை விரைவில் பழகுவார்கள் என்பது மனதை அள்ளும் செய்தி. ஆனால் அந்த விரலை இயக்குவது எது? இரு கால்களின் பெருவிரல்கள். பெருவிரலை அழுத்தினால் செயற்கை விரல் மடங்கும். நடந்துகொண்டே செய்தால் சிக்கல். பறவை கையைக் கொடுத்துச் சிறகை வாங்கியது, இங்கே கால்விரலைக் கொடுத்துக் கைவிரல். பழைய கடன் முறையேதான்.

கடன் வாங்காமல் கூடுதல் உறுப்பை ஆள மூளையால் முடியுமா என்ற கேள்விக்கு 2019-இல் ஒரு பதில் வந்தது. பிறவியிலேயே ஒவ்வொரு கையிலும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே முழுமையான ஆறாவது விரல் கொண்ட இருவரை, ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கிலும் லண்டனிலும் லோசானிலும் உள்ள ஆய்வாளர்கள் சேர்ந்து சோதித்தார்கள். அந்த விரலுக்குச் சொந்தத் தசைகளும் நரம்புகளும் இருந்தன. மூளைப் படத்தில் அதற்கென்று தனி இடமும் தெரிந்தது. மற்ற விரல்களின் இடம் அதனால் சுருங்கிப்போனதாகத் தெரியவில்லை. ஆறு பொத்தான்களை ஒருசேர ஆளவேண்டிய ஒரு கணினி விளையாட்டை அவர்களுக்குக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு இரு கையும் தேவைப்படும் அந்த விளையாட்டை அவர்கள் ஒரே கையால், இரு கையால் ஆடும் அதே திறமையோடு ஆடினார்கள். அவர்களால் ஒரே கையால் காலணிக் கயிற்றையும் முடிச்சிட முடிந்தது.